ஒரு நாள், ஒரு பெருநகரம், நீங்க மட்டும்: சிங்கப்பூரைத் தனியாகச் சுற்றுவது எப்படி?

ஒவ்வொரு வருஷமும் நம்ம சீனியர்ஸ்ல சிலர் வெளிநாடு போறாங்க. ஒருத்தர் மாணவர் போட்டிக்கு, ஒருத்தர் இன்டர்ன்ஷிப்புக்கு, ஒருத்தர் மேல்படிப்புக்கு. எல்லாருக்கும் பொதுவா நடக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. போன வேலை முடிஞ்சதும் நடுவுல ஒரு முழு நாள் காலியா கிடைக்கும். கூட வந்தவங்க ஷாப்பிங் போயிருப்பாங்க, இல்லைன்னா அடுத்த ஃபிளைட்டுக்கு இன்னும் 14 மணி நேரம் இருக்கும். அந்த நாளைப் பெரும்பாலானவங்க ரூம்லயே ரீல்ஸ் பார்த்துக் கழிச்சிடறாங்க. காரணம் கேட்டா "தனியா எப்படிப் போறது?"ன்னு சொல்வாங்க.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். உதாரணத்துக்கு நான் எடுத்திருக்கிறது சிங்கப்பூர். இதுக்குக் காரணம் மூணு. மதுரை, திருச்சி, சென்னையில இருந்து நேரடி விமானம் இருக்கு, சுமார் 4 மணி நேரத்துல இறங்கிடலாம். தமிழ் அங்க 4 ஆட்சி மொழிகள்ல ஒண்ணு. போன வருஷக் கடைசியில ஒரு மாணவர் போட்டிக்காக நானும் போயிருந்தேன், போட்டி முடிஞ்ச மறுநாள் முழுக்கத் தனியா நடந்தேன். ஆனா இது பயணக்கதை இல்லை. நீங்க போனா எப்படிப் பார்க்கலாம்னு ஒரு விளக்கம், அவ்வளவுதான்.

முதல்ல ஊரோட அளவு

நம்ம விருதுநகர் மாவட்டத்தோட பரப்பளவு சுமார் 4,240 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் மொத்த நாடும் சேர்த்தே சுமார் 735. அதாவது நம்ம மாவட்டத்துல ஆறுல ஒரு பங்குதான். ஆனா 2011 கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்தோட மக்கள்தொகை 19 லட்சத்துக்குச் சற்று மேல, சிங்கப்பூர்ல இன்னைக்குச் சுமார் 60 லட்சம் பேர். மகாராஜபுரத்துல இருந்து ராஜபாளையம் போற மாதிரி தூரத்துக்குள்ள ஒரு நாட்டோட துறைமுகம், வங்கிகள், கோயில், மசூதி, சந்தை எல்லாம் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். பெருநகரம்னா தூரம்னு நினைச்சுத்தான் நாம பயப்படறோம். உண்மையில சிரமம் தூரத்துல இல்லை, அடர்த்தியில இருக்கு. எதைப் பார்க்கிறது, எதை விடுறதுங்கிறதுதான் பிரச்சனை. அதனால ஒரு நாளுக்கு ஒரு விதி வச்சுக்கோங்க: மூணு பகுதி போதும். ஒவ்வொரு பகுதிக்குள்ளயும் நடந்தே பார்க்கணும், பகுதிக்குப் பகுதி மட்டும் ரயில். "டாப் 20 இடங்கள்" பட்டியலை வச்சுக்கிட்டுப் போனா 20 ஸ்டேஷனைத்தான் பார்த்துட்டு வருவீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரிச்ச ஏஜென்ட்டுகள் மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். பாஸ்போர்ட் குறைஞ்சது 6 மாசமாவது செல்லுபடியாகணும். விசா கிடைச்ச பிறகு, இறங்குற நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்ள "எஸ்ஜி அரைவல் கார்டு" ஆன்லைன்ல நிரப்பணும். இது முழுக்க இலவசம். இதுக்கும் பணம் கேக்கிற தளம் தேடல்ல முதல்ல வந்து நின்னா, அது அரசாங்கத் தளம் இல்லை.

பிளக் விஷயத்தை எல்லாரும் மறந்துடுவாங்க. அங்க சதுரமான மூணு கால் பிளக். நம்ம ஊர் சார்ஜர் உள்ள போகாது. அடாப்டர் ஒண்ணும் பவர் பேங்க்கும் எடுத்துக்கோங்க. தனியா இருக்கும்போது போன்தான் உங்க மேப், டிக்கெட், அம்மா எல்லாமே. ஹோட்டல் முகவரியையும் ரெண்டு போன் நம்பரையும் ஒரு தாள்ல எழுதிப் பையில வச்சிடுங்க. பேட்டரி தீர்ந்தா தாள் உதவும்.

நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. வீட்டுக்கு "இத்தனை மணிக்கு மெசேஜ் போடுவேன்"னு சொல்லும்போது இந்தியா நேரத்தையே சொல்லுங்க. இல்லைன்னா ரெண்டரை மணி நேரக் குழப்பம் வரும்.

விமான நிலையத்துல யாராவது, தெரிஞ்சவங்களே ஆனாலும், "இந்தப் பார்சலை மட்டும் எடுத்துட்டுப் போயிடு தம்பி"ன்னு கேட்டா வாங்காதீங்க. சிங்கப்பூர்ல போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரைக்கும் உண்டு. பையில இருந்தது உங்களுக்குத் தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டிய சுமையும் உங்க தலையிலதான் விழும். வேப்பும் தடை, சூயிங்கம் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் 1992-ல இருந்து தடை.

ரயில் எப்படி வேலை செய்யுது

அந்த ஊரோட முதுகெலும்பு எம்ஆர்டி ரயில். 1987-ல ஓட ஆரம்பிச்சது. சென்னை மெட்ரோவோட சுரங்க ஸ்டேஷன்கள்ல பிளாட்ஃபார ஓரமா கண்ணாடிக் கதவு பார்த்திருப்பீங்க இல்லையா, அதை இவங்க சுரங்க ஸ்டேஷன்கள்ல தொடக்கத்துலயே வச்சுட்டாங்க. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிற ஊர்ல ஏசி காத்து சுரங்கத்துக்குள்ள ஓடிப் போகாம இருக்கிறதுதான் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். பாதுகாப்பும் கூடவே கிடைச்சிடுது. 2003-ல வந்த ஊதா நிற வடகிழக்கு லைன் ஓட்டுநரே இல்லாம ஓடுது. முதல் பெட்டியில முன்னாடி போய் நின்னீங்கன்னா சுரங்கம் உங்களை நோக்கி வர்ற மாதிரி தெரியும். இஇஇ, மெக்கானிக்கல் ஆட்கள் கண்டிப்பா நிக்கணும்.

டிக்கெட் வாங்க வேண்டாம். வெளிநாட்டுல வேலை செய்ற கான்டாக்ட்லெஸ் விசா அல்லது மாஸ்டர்கார்டு இருந்தா கேட்ல தட்டி உள்ள போகலாம், இறங்கும்போது திரும்பத் தட்டணும். வெளிநாட்டுக் கார்டுக்குச் சின்னதா ஒரு கூடுதல் கட்டணம் பிடிப்பாங்க. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணம் 3 டாலருக்குள்ள முடிஞ்சிடும். ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய்க்கு அக்கம்பக்கம்னு வச்சுக்கோங்க. பஸ்லயும் இறங்கும்போது கார்டைத் தட்டணும். தட்டலைன்னா நீங்க எங்க இறங்கினீங்கன்னு மெஷினுக்குத் தெரியாது, கடைசி ஸ்டாப் வரைக்கும் போனதாக் கணக்குப் போட்டுக்கும். நம்ம ஊர்ல கண்டக்டர் செய்ற வேலையை அங்க நீங்களே செய்றீங்க.

ரயிலுக்குள்ள சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 டாலர் வரைக்கும் அபராதம். துரியான் பழத்துக்குத் தனியா ஒரு தடைப் பலகையே இருக்கும், அந்த வாசனை அப்படி.

ஸ்டேஷன்ல வழி தொலையாம இருக்க ஒரு சின்ன உத்தி: ஸ்டேஷன் பேரை மட்டும் பார்க்காம எக்ஸிட் எழுத்தையும் பாருங்க. ஒரே ஸ்டேஷனோட ஏ வாசலும் ஈ வாசலும் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்புக்கும் 5 இலக்க எண் ஒண்ணு உண்டு. "நீ எங்க இருக்க?"ன்னு யாராவது கேட்டா அந்த எண்ணைச் சொன்னாப் போதும்.

காலை: சிராங்கூன் சாலை

சாங்கி விமான நிலையத்துல இருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி எக்ஸ்போ. அங்க நீல நிற டவுன்டவுன் லைனுக்கு மாறினா நேரா லிட்டில் இந்தியாவுல இறங்கலாம். வாசல்லயே தேக்கா சந்தை. கறிவேப்பிலையும் மீனும் மல்லிகையும் கலந்த வாசனை வரும்போது, நாலு மணி நேரம் பறந்து வந்தது இதுக்குத்தானான்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. இது நம்ம ஊரோட நகல் இல்லை.

சிராங்கூன் சாலை 19-ஆம் நூற்றாண்டுல மாட்டுத் தொழுவமும் சுண்ணாம்புச் சூளையுமா இருந்த இடம். பக்கத்துச் சந்துகளோட பேரைப் பாருங்க: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. கெர்பாவ்னா மலாய்ல எருமை. அந்தச் சூளைகள்ல வேலை பார்த்த தமிழர்கள் எழுப்பினதுதான் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். பழைய ஆட்கள் அதைச் "சுண்ணாம்புக் கம்பம் கோயில்"னு சொல்வாங்க. கம்போங்னா மலாய்ல கிராமம், அது நம்ம வாயில கம்பம் ஆயிடுச்சு.

இன்னும் வடக்கே நடந்தா ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் இங்கிருந்துதான் கிளம்பி, டேங்க் ரோட்டுல செட்டியார்கள் 1859-ல கட்டின தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் போகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஆளுங்க இங்க ஒரு நிமிஷம் நின்னுதான் ஆகணும். உள்ள ஆண்டாளுக்குச் சன்னதி இருக்கு. நம்ம ஊர்ல தேரும் 192 அடிக் கோபுரமும் வச்சிருக்கிறவங்க, இங்க ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல அமைதியா நிக்கறாங்க.

நடக்கும்போது கடைகளுக்கு முன்னாடி இருக்கிற நடைபாதையைக் கவனிங்க. மேல மாடி, கீழ தூண் வச்ச தாழ்வாரம், அடுத்த கடை, அதே தாழ்வாரம், இப்படியே தெரு முழுக்க. இதுக்கு "ஐந்தடிப் பாதை"ன்னு பேரு. ராஃபிள்ஸ் 1822-ல போட்ட நகரத் திட்டத்துலயே, ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாடியும் கூரை போட்ட தாழ்வாரம் தொடர்ச்சியா இருக்கணும்னு விதி வச்சாங்க. நம்ம ஊர்த் திண்ணைகளை வரிசையா ஒட்டி, தெருவுக்கே பொதுவாக்கினா எப்படி இருக்கும், அதுதான். வெயிலும் மழையும் திடீர் திடீர்னு மாறுற ஊர்ல, 200 வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஒரு வரி விதி இன்னைக்கும் உங்க தலையை நனையாமக் காப்பாத்துது.

சாப்பாட்டுக்கு 1947-ல ஆரம்பிச்ச கோமள விலாஸ் இதே சாலையிலதான் இருக்கு. இல்லைன்னா தேக்கா சந்தையோட ஹாக்கர் சென்டர். ஹாக்கர் சென்டர்ங்கிறது ஒரே கூரைக்குக் கீழ நிறைய சின்னக் கடைகள், நடுவுல பொது மேஜை. முன்னாடி தெருவுல தள்ளுவண்டி வச்சிருந்தவங்களுக்குத் தண்ணி, கழிவுநீர் வசதியோட அரசாங்கம் இடம் கட்டிக் கொடுத்ததுதான் இதோட ஆரம்பம். 2020-ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேர்ந்துடுச்சு. 5, 6 டாலர்ல வயிறு நிறையும். மேஜை மேல ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியா இருந்தா அது யாரோ இடம் போட்டு வச்சது, நம்ம பஸ்ல துண்டு போடுற மாதிரி. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக் கொண்டுபோய் வைக்கணும், வைக்கலைன்னா அபராதம். டீ சொல்லும்போது "தே" பால் டீ, "தே ஓ" கட்டன் டீ, கூட "கோசோங்" சேர்த்தா சர்க்கரை இல்லாம. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, குழாய்த் தண்ணியையே நம்பிக் குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையா இருந்தா

நான் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல சிராங்கூன் சாலை வேற மாதிரி ஆயிடும். கட்டுமான வேலையிலயும் கப்பல் பட்டறையிலயும் இருக்கிற தொழிலாளர்களுக்கு வாரத்துல கிடைக்கிற ஒரே லீவு நாள். தமிழ்நாட்டு ஆட்களும் பங்களாதேஷ் ஆட்களும் புல்வெளியெல்லாம் நிறைஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. பணம் அனுப்புற கடையில வரிசை, சிம் ரீசார்ஜ் கடையில வரிசை.

மேப்பைப் பார்த்துக்கிட்டே நின்னப்போ ஒரு அண்ணன், "தங்கச்சி, எந்த ஊரு?"ன்னு கேட்டார். வத்திராயிருப்புப் பக்கம், மகாராஜபுரம்னு சொன்னேன். "சதுரகிரிக்கு அந்த வழியாத்தானே போவோம்!" அவருக்குச் சிவகாசிப் பக்கம். 6 வருஷமா இருக்காராம். எந்த ஸ்டேஷனுக்குப் போகணும்னு கேட்டார், சொன்னேன். மேப்பைப் பார்க்காமலே வழி சொன்னார். "பிரவுன் லைன்ல ஒரு ஸ்டேஷனுக்கு நான் கம்பி கட்டியிருக்கேன். திறந்த பிறகு ரெண்டு தடவைதான் அதுல ஏறியிருக்கேன், எங்க டார்மிட்டரி வேற பக்கம்"னு சிரிச்சார்.

அந்த ஊர்ல தமிழ் ரெண்டு இடத்துல கண்ணுல படும். ஒண்ணு டாலர் நோட்டு, அதுல "சிங்கப்பூர்"னு தமிழ்ல அச்சாகியிருக்கும். இன்னொண்ணு கட்டுமான இடத்து வேலியில தொங்குற "அபாயம்" பலகை. ரெண்டையும் பார்க்காம ஊரைப் பார்த்துட்டேன்னு சொல்ல முடியாது. 2013 டிசம்பர்ல இதே லிட்டில் இந்தியாவுல ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ல அடிபட்டு இறந்தார், அதைத் தொடர்ந்து கலவரம் வெடிச்சது. அதுக்கப்புறம் 2015-ல வந்த சட்டம் இந்தப் பகுதியில மது விற்பனைக்கும் குடிக்கிறதுக்கும் கூடுதல் கட்டுப்பாடு போட்டுச்சு. 2020 கொரோனாவுல அந்த நாட்டோட பெரும்பாலான தொற்றுகள் தொழிலாளர் டார்மிட்டரிகள்லதான். ஒரே அறையில நிறைய பேரைப் படுக்க வச்சா என்ன ஆகும்னு அப்போதான் ஊரே பேச ஆரம்பிச்சது.

இது நமக்கு ஏன் முக்கியம்? இறுதியாண்டு முடிக்கப் போறோம். "டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் வேலை தேடிக்கலாம்"னு சொல்ற ஏஜென்ட் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்துட்டார். சுற்றுலா அனுமதியில போய் வேலை செய்றது அங்க குற்றம். உண்மையான வேலைன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே மனிதவள அமைச்சகத்தோட "இன்-பிரின்சிபல் அப்ரூவல்" கடிதம் கையில வரணும். அது அசலா, போலியான்னு அமைச்சகத்தோட தளத்துலயே பார்த்துக்கலாம். ஒர்க் பெர்மிட் வேலைக்குச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அந்தக் கடிதத்துல இருக்கும். ஏஜென்ட் வாயால சொன்ன சம்பளமும் தாள்ல இருக்கிற சம்பளமும் ஒண்ணான்னு பாருங்க. ஏஜென்ட் இந்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்றவரான்னும் பாருங்க. டிகிரியை முடிச்சுட்டு, வட்டிக்கு வாங்கின லட்சங்களைக் கட்டிட்டு, கம்பி கட்டுற வேலைக்குப் போறவங்க இருக்காங்க. அந்த வேலை தாழ்ந்ததுன்னு சொல்லலை. தெரிஞ்சு போங்க, ஏமாந்து போகாதீங்க.

மதியம்: சவுத் பிரிட்ஜ் சாலை

ஃபேரர் பார்க்ல ஊதா லைன் ஏறினா நாலாவது ஸ்டேஷன் சைனாடவுன். நடுவுல டோபி காட்னு ஒரு ஸ்டேஷன் வரும். இந்தியாவுல இருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில துணி துவைச்சதால வந்த பேரு. இன்னைக்கு மூணு லைன் சந்திக்கிற பெரிய ஜங்ஷன்.

சைனாடவுன் நடுவுல சிங்கப்பூரோட மிகப் பழைய இந்துக் கோயில், ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827-ல தொடங்கினது. 1819-ல ராஃபிள்ஸோட பினாங்குல இருந்து வந்த நாராயண பிள்ளைதான் இதை நிறுவினவர். சிவில் ஆட்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கணும். ஊர் உருவாகிக்கிட்டு இருக்கு, வீடு கட்டச் செங்கல் இல்லைன்னு பார்த்து தஞ்சோங் பகார்ல சூளை போட்டார். அங்கத்து முதல் கட்டட கான்ட்ராக்டர்னு இவரைச் சொல்வாங்க. அதே தெருவுல சில அடி தள்ளி தமிழ் முஸ்லிம்கள் 1826-ல தொடங்கின ஜாமே மசூதி, கொஞ்சம் தாண்டினா பெரிய பௌத்தக் கோயில். மூணும் ஒரே தெரு.

பக்கத்துல தெலோக் ஆயர் தெரு. அங்க 1830 வாக்குல கட்டின நாகூர் தர்கா இருக்கு, நம்ம நாகூரை நினைச்சுக் கட்டினது. சீனர்களோட தியான் ஹாக் கெங் கோயிலும் அங்கதான். ஏன் எல்லாரும் அதே தெருவுல கட்டினாங்க? அப்போ அதுதான் கடற்கரை. கப்பல்ல உயிரோட வந்து சேர்ந்தவங்க இறங்கின உடனே நன்றி சொன்ன இடம். இப்போ அங்க நின்னு பார்த்தா கடல் தெரியாது, பேங்க் கட்டடம்தான் தெரியும். கடலுக்குள்ள மண்ணைக் கொட்டி நிலம் உண்டாக்கிட்டே போனாங்க. 1960கள்ல சுமார் 580 சதுர கிலோமீட்டரா இருந்த நாடு இப்போ சுமார் 735. நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு, மனுஷன் போட்ட மண்.

அப்படியே சவுத் பிரிட்ஜ் சாலையில வடக்கே நடந்து ஆத்தைத் தாண்டினா செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். வெள்ளை வெளேர்னு இருக்கும். இந்தியாவுல இருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளோட உழைப்புல 1850கள் கடைசியில எழுந்த கட்டடம். உள் சுவருக்குப் பூசினது "மெட்ராஸ் சுண்ணாம்பு": கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊற வச்ச தண்ணி. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் ஏன் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குன்னு யோசிச்சிருந்தா, அதே குடும்பத்துத் தொழில்நுட்பம்தான் இது. கான்க்ரீட் டெக்னாலஜி பாடத்துல அட்மிக்ஸர்னு படிக்கிறோமே, அதைச் சமையலறைச் சாமானை வச்சுச் செஞ்சிருக்காங்க.

எதிர்ல பெரிய மைதானம், பாடாங். 1943 ஜூலையில சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்துக்கு முன்னாடி நின்ன இடம். அந்த வருஷம் அக்டோபர்ல ஜான்சி ராணி படைக்கு சிங்கப்பூர்ல பயிற்சி முகாம் திறந்தாங்க. தலைமை, மெட்ராஸ்ல மருத்துவம் படிச்சு அங்க டாக்டரா இருந்த கேப்டன் லட்சுமி. படையில சேர்ந்தவங்கள்ல நிறைய பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைப் பார்த்தே இராதவங்களும் அதுல உண்டு. பக்கத்து எஸ்பிளனேட் பூங்காவுல ஐஎன்ஏ நினைவுக் குறி ஒண்ணு இருக்கு. 1945-ல எழுப்பின நினைவுச் சின்னத்தை அதே வருஷம் பிரிட்டிஷார் இடிச்சுட்டாங்க, 1995-ல அந்த இடத்தை அடையாளப்படுத்தி இதை வச்சாங்க. "பொண்ணு தனியா வெளிநாட்டுல ஒரு நாள் சுத்துறதா?"ன்னு வீட்டுல கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

அந்தக் கேள்விக்கு நேரடியான பதிலும் சொல்லிடறேன். இரவு 10 மணிக்கும் தனியா ரயில்ல வர்ற பெண்களை அங்க சாதாரணமாப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் வந்தேன். அதுக்காக அஜாக்கிரதையா இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. லைவ் லொகேஷனை வீட்டுல ஒருத்தருக்கு ஷேர் பண்ணுங்க, வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற பாதையில நடங்க. "ஒரு நிமிஷம் வாங்க, பக்கத்துலதான்"னு கூப்பிடுறவங்க எந்த ஊர்ல இருந்தாலும் போகாதீங்க.

மாலை: மரினா வளைகுடா

எஸ்பிளனேட்ல இருந்து மெர்லயன் சிலையையும் பார்த்துட்டு ஹீலிக்ஸ் பாலம் வழியா நடக்கலாம். டிஎன்ஏ மாதிரி முறுக்கிவிட்ட துருப்பிடிக்காத எஃகுப் பாலம், நடக்கிறவங்களுக்கு மட்டும், 2010-ல திறந்தது. நீங்க சுத்தி வர்ற அந்தத் தண்ணி கடல் மாதிரி தெரியும், ஆனா கடல் இல்லை. 2008-ல மரினா பேரேஜ்னு ஒரு தடுப்பணை போட்டு வளைகுடாவோட வாயை அடைச்சாங்க. மழைத்தண்ணி வந்து வந்து உப்பைக் கழுவி, இப்போ அது நல்ல தண்ணி நீர்த்தேக்கம். பெருமழையும் தாழ்ந்த கடல் மட்டமும் சேர்ந்தா ஷட்டரைத் திறந்து விடுவாங்க. கடல் மட்டம் உசரமா இருந்தா ராட்சச பம்பு வச்சு இறைப்பாங்க. ஒரே அணை குடிதண்ணிக்கும் வெள்ளத் தடுப்புக்கும் வேலை செய்யுது. சொந்தமா ஒரு பெரிய ஆறு இல்லாத நாடு, ஊருக்குள்ள பெய்ற மழையை இப்படிப் பிடிக்குது. பிளவக்கல் அணையில எப்போ தண்ணி திறப்பாங்கன்னு பார்த்து வளர்ந்த நமக்கு இது நல்லாவே புரியும்.

கடைசியா கார்டன்ஸ் பை தி பே. வெளித்தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடாரங்களுக்கு மட்டும் டிக்கெட். 25-ல இருந்து 50 மீட்டர் உயரத்துல செடி படர்ந்த செயற்கை மரங்கள் 18 நிக்கும். சிலதுல சூரிய மின்தகடு, சிலது கண்ணாடிக் கூடாரங்களோட காற்றை வெளியேத்துற குழாய். அலங்காரம்னு நினைக்கிறது உண்மையில இயந்திரம். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளிக் காட்சி, அதுவும் இலவசம். தரையில படுத்துப் பார்க்கறதுதான் அங்க வழக்கம், கூச்சப்படாமப் படுங்க.

திரும்பி வர பேஃபிரன்ட் ஸ்டேஷன். காலையில வந்த அதே நீல லைன், எக்ஸ்போவுல மாறினா விமான நிலையம். விமான நிலையம் போற கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்னாடியே போயிடும். இரவு 10 மணிக்கு ஏறிட்டா பதட்டம் இல்லை.

செலவு

ரயில், பஸ் எல்லாம் சேர்த்துச் சுமார் 8 டாலர். மூணு வேளைச் சாப்பாடும் ரெண்டு டீயும் 20, 25 டாலர். தண்ணி இலவசம். நான் சொன்ன கோயில், மசூதி, பாலம், தோட்டம் எதுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆக 2,500 ரூபாய்க்குள்ள ஒரு நாள் முடியும். முஸ்தஃபா கடைக்குள்ள போனா இந்தக் கணக்கு செல்லாது.

தனியா போறதுல என்ன கிடைக்கும்?

நாலு பேரா போனா ஊரைப் பார்க்கறதைவிட ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்போம். எங்க சாப்பிடறதுன்னு முடிவு பண்ணவே ஒரு மணி நேரம் போகும். தனியா போனா நீங்க நிக்கிற இடத்துல நிக்கலாம். முன்பின் தெரியாதவங்க உங்ககிட்டப் பேசுவாங்க, கூட்டமா இருந்தா பேச மாட்டாங்க. "உலகம் சுற்றிய தமிழன்"னு பேர் வாங்கின ஏ.கே. செட்டியார் 1930கள்லயே ஜப்பான், அமெரிக்கான்னு போய் போட்டோகிராஃபி படிச்சவர். காந்தியைப் பத்தி ஒரு முழு ஆவணப்படம் எடுக்கணும்கிற யோசனை அவருக்கு 1937-ல, அட்லாண்டிக் கடலைக் கடக்கிற கப்பல்ல இருந்தப்போ வந்தது. 1940-ல படமா வெளிவந்துச்சு. யாரும் பேச்சுக்கு இழுக்காத நேரத்துலதான் சில யோசனை நம்மைத் தேடி வரும்.

இதுக்கெல்லாம் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வர்ற சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ் ஏறுங்க. மூணு பகுதி மட்டும் தேர்ந்தெடுங்க: மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தின வீதிகள், திருமலை நாயக்கர் மஹால், காந்தி அருங்காட்சியகம். யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஏன் அந்தப் பேருன்னு கடைக்காரர் ஒருத்தர்கிட்டக் கேளுங்க. மாசி வீதி, ஆவணி மூல வீதின்னு தமிழ் மாசமே தெருப் பேரா இருக்கிறதுல இருந்து ஆரம்பிக்கலாம். சாயங்காலம் திரும்பி வரும்போது தனியா ஒரு ஊரைப் பார்க்க உங்களுக்குத் தெரியும். அடுத்தது சிங்கப்பூரா டோக்கியோவான்னு முடிவு பண்றது மட்டும்தான் பாக்கி.